மார்ச் கடைசி வாரத்தில் பிராக்: அம்மாவோடு நான்கு நாட்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், ஐரோப்பாவில் ஒரு பழைய நகரத்தைக் காட்ட வேண்டும், எங்கே போகலாம், எந்த மாதம் போகலாம் என்று யார் கேட்டாலும் இனி என் பதில் ஒன்றுதான். செக் நாட்டுத் தலைநகர் பிராக், மார்ச் கடைசி வாரம். இதை மூன்று முறை அங்கே போய்வந்தவளாகச் சொல்கிறேன். முதல் முறை ஜூலை, அடுத்தது கிறிஸ்துமஸ் சமயம், இந்த முறை மார்ச் 23 முதல் 26 வரை. ஜூலையில் சார்லஸ் பாலத்தில் நடந்தபோது எனக்கு முன்னால் போனவரின் முதுகுப்பையைத் தவிர எதையும் பார்த்த நினைவில்லை. டிசம்பரில் அழகாக இருந்தது, ஆனால் நாலு மணிக்கே இருட்டிவிட்டது, விடுதி வாடகையும் கையைக் கடித்தது. மார்ச்சில்தான் ஊரை ஊராகப் பார்க்க முடிந்தது.

அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். குளிர் பழக்கமில்லை, மாயவரத்துக்காரர். ஆகவே இதை அப்படிப்பட்ட பெற்றோரை அழைத்துப்போகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நாங்கள் பெர்லினிலிருந்து ரயிலில் போனோம். டிரெஸ்டனைத் தாண்டியதும் எல்பே ஆற்றின் கரையை ஒட்டியே தண்டவாளம் போகிறது. பிராக் நோக்கிப் போகும்போது இடப்பக்க ஜன்னல் கிடைக்கும்படி இருக்கையைப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். மணற்பாறைக் குன்றுகள், மறுகரையில் சின்னச் சின்ன ஊர்கள், இலை இல்லாத மரங்களுக்கு நடுவே அங்கங்கே மஞ்சள் புதர்கள். அம்மா அந்த ஒன்றரை மணி நேரமும் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. ஷெங்கன் விசா செக் நாட்டுக்கும் செல்லும் என்பதால் தனி விசா வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் கையிலேயே வைத்திருங்கள், எல்லையில் கேட்கலாம். பிராகுக்குள்ளும் அது வேறொரு காரியத்துக்கு உதவும், சொல்கிறேன்.

தங்கியது வினோஹ்ராடி பகுதியில், நாமியெஸ்டி மீரு சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. சமையலறை நன்றாக இருந்தது, ஆனால் ‘லிஃப்ட் உண்டு’ என்று போட்டிருந்தார்கள், அந்த லிஃப்டோ அரை மாடி ஏறிய பிறகுதான் தொடங்கியது. பழைய கட்டடங்களில் இப்படித்தான் இருக்கும் என்று பிறகு தெரிந்தது. முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்தப் பன்னிரண்டு படிகள் ஒரு நாளைக்கு நாலு முறை என்றால் பெரிய கணக்கு. வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இரண்டாவது, ஹீட்டர் ராத்திரியில் தானாகக் குறைந்துவிட்டது. மார்ச் கடைசியிலும் அதிகாலையில் பூஜ்யம் டிகிரி பக்கம் போகிறது, பகலில் பத்து டிகிரி இருந்தால் நல்ல நாள். உரிமையாளருக்குச் செய்தி அனுப்பி மறுநாள் மத்தியானம்தான் சரியானது. முதல் ராத்திரி அம்மா இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கினார், எனக்கு மனசே கேட்கவில்லை.

ஆனால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. காரணம் 22-ஆம் எண் டிராம். நாமியெஸ்டி மீருவில் ஏறினால் தேசிய நாடகசாலை, வல்டாவா ஆறு, மலையடிவாரத்து மாலா ஸ்ட்ரானா என்று ஊரின் பாதி அழகை உட்கார்ந்தபடியே காட்டிவிட்டு, வளைந்து வளைந்து மலை ஏறி, கோட்டையின் பின்வாசல் பக்கம் கொண்டுபோய் விடுகிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பிராக் டிராம், மெட்ரோ, பேருந்து எல்லாமே இலவசம், எந்த நாட்டவராக இருந்தாலும் வயதுச் சான்று காட்டினால் போதும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும் என்றது இதற்குத்தான். எனக்கு மட்டும் ஒரு நாள் பயணச்சீட்டு எடுத்துக்கொண்டேன், டிராமுக்குள்ளேயே கார்டைத் தட்டி வாங்கிக்கொள்ளலாம். காகிதச் சீட்டு வாங்கினால் மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும், குத்தாத சீட்டு சீட்டே இல்லை.

நாமியெஸ்டி மீரு மெட்ரோ நிலையத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தரைக்கு 53 மீட்டர் கீழே இருக்கிறது, ஓடும் படிக்கட்டின் நீளம் 87 மீட்டர், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே நீளமானது. அதன் வேகமும் அதிகம். அம்மா உச்சியில் நின்று கீழே பார்த்துவிட்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார், ஏறவே மாட்டேன் என்றார். சரி என்று திரும்பிவிட்டோம். அதன் பிறகு நாலு நாளும் டிராம்தான், அதனால் நஷ்டமும் ஒன்றுமில்லை.

அடுத்து பாலம். அம்மா வீட்டில் இருந்தாலும் நாலரைக்கு எழுந்துவிடுவார், ஆகவே அவருக்கு இது சிரமமே இல்லை. ஐந்தே முக்காலுக்குச் சார்லஸ் பாலத்தில் இருந்தோம். மார்ச் கடைசியில் சூரிய உதயம் ஆறு மணி வாக்கில்தான், ஜூனில் இதே காட்சிக்கு ஐந்து மணிக்கு முன்பே வந்து நிற்க வேண்டும். பாலத்தில் மொத்தம் பத்துப் பேர் இருந்திருப்போம். கிழக்கே பழைய நகரத்துக் கோபுரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் வர வர, மேற்கே மலைமேல் இருக்கும் கோட்டையின் உச்சியில் முதலில் வெயில் பட்டு, அது மெதுவாகச் சுவர்களில் இறங்கியது. ஆற்றின் மேல் லேசான புகை. 516 மீட்டர் நீளப் பாலத்தை நாங்கள் ஒரு மணி நேரம் நடந்தோம்.

இந்தப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டியது நான்காம் சார்லஸ் மன்னர், 1357-ல். ஜூலை 9 காலை 5:31 மணிக்கு என்று சொல்கிறார்கள். வருடம், தேதி, மாதம், நேரம் என்று வரிசையாக எழுதினால் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என்று ஏறி இறங்கும். சோதிடர்கள் குறித்துக் கொடுத்த நேரம் என்பது மரபு. “அட, கால்கோளுக்கு முகூர்த்தம் பார்த்திருக்கிறார்கள்” என்று அம்மாவுக்கு அந்த ராஜாவின் மேல் உடனே ஒரு மரியாதை வந்துவிட்டது. கல்லை ஒட்டிய சுண்ணாம்புக் காரையில் முட்டை சேர்த்தார்கள் என்று ஒரு பழங்கதையும் உண்டு. அதைச் சொன்னதும், செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்களே, இதில் என்ன ஆச்சரியம் என்றார்.

பாலத்தின் இரண்டு பக்கமும் 30 சிலைகள், பெரும்பாலானவை இப்போது நகல்கள், அசல்களை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கிறார்கள். முதலில் வைக்கப்பட்டது 1683-ல் நெபோமுக் நகர் யோவானின் வெண்கலச் சிலை. 1393-ல் அரசனின் ஆணைப்படி இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசப்பட்ட பாதிரியார் அவர். பீடத்தில் இருக்கும் வெண்கலப் புடைப்புச் சிற்பத்தைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று வருகிறவர்கள் எல்லாம் தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் தங்கமாக மின்னுகிறது. பகல் பதினோரு மணிக்கு அதற்கு வரிசையே நிற்கும். அந்தக் காலையில் அம்மா மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பின்னால் யாரும் காத்திருக்கவில்லை.

இப்போது கடிகாரம். பழைய நகரச் சதுக்கத்தில் நகர மண்டபச் சுவரில் இருக்கும் வானியல் கடிகாரத்தைப் பற்றி, “மணி அடிக்கும்போது பொம்மைகள் வரும், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், ஏமாற்றம்” என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பொம்மைகளை மட்டும் பார்த்தவர்கள். காலை 9 முதல் இரவு 11 வரை ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு மணியை ஆட்டுகிறது, மேலே இரண்டு ஜன்னலில் இயேசுவின் சீடர்கள் வரிசையாக வந்து போகிறார்கள், கடைசியில் சேவல் கூவுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் அதில் இல்லை, கீழே இருக்கும் முகப்புத் தட்டில் இருக்கிறது. அது 1410-ல் செய்யப்பட்டது, இன்றும் ஓடுகிறது.

அம்மா அதை அரை மணி நேரம் பார்த்தார். ஒரு சின்ன வளையத்தில் பன்னிரண்டு ராசிகளும் இருக்கின்றன, அதன் மேல் ஒரு தங்கச் சூரியனும் ஒரு சந்திரனும் நகர்கின்றன. ஆட்டுக்கொம்புக் குறி மேஷம், இரட்டை மீன் வளைவு மீனம் என்று அம்மா ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டு வந்தவர், திடீரென்று நிறுத்தி, “இது தப்பாக இருக்கிறதே, இப்போது பங்குனிதானே நடக்கிறது, சூரியன் மீனத்தில் இல்லையா இருக்க வேண்டும், இங்கே மேஷத்தில் நிற்கிறதே” என்றார். எனக்கு உண்மையிலேயே புல்லரித்துவிட்டது. கடிகாரமும் தப்பில்லை, அம்மாவும் தப்பில்லை. ஐரோப்பியக் கணக்கில், பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20, 21-ல் சூரியன் மேஷத்துக்குள் நுழைகிறது. நம் பஞ்சாங்கம் வானத்து நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுவது, அதில் சித்திரை ஒன்று, அதாவது ஏப்ரல் 14 அன்றுதான் மேஷம். பூமியின் அச்சு மிக மெதுவாகத் தலையாட்டுவதால் இரண்டு கணக்கும் நூற்றாண்டுகளாக விலகி விலகி இப்போது சுமார் 24 பாகை வித்தியாசத்தில் நிற்கின்றன. இதைத்தான் அயனாம்சம் என்கிறோம். அதை அம்மாவுக்கு நான் விளக்கவில்லை, “அப்படியானால் இது சாயனக் கணக்கு” என்று அவரே சொல்லிக்கொண்டார், பகலும் இரவும் சமமாகும் நாளை வைத்துப் பார்க்கிற கணக்குக்கு அதுதான் பெயர். மார்ச் 21 முதல் ஏப்ரல் 13 வரை வருகிறவர்களுக்கு இந்த இரண்டு கணக்கின் மோதலை மேஷ ராசியிலேயே நேரில் பார்க்கக் கிடைக்கும்.

அந்தத் தட்டில் இன்னும் இருக்கிறது. வெளிவட்டத்தில் 1 முதல் 24 வரை பழைய கோதிக் எழுத்தில் எண்கள். அது பழைய செக் நேரம், நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிற கணக்கு. அஸ்தமனம் மாற மாற அந்த வளையமும் நகர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே தங்கக் கோடுகள் பகலைப் பன்னிரண்டாகப் பிரிக்கின்றன, கோடையில் அந்த ஒரு மணி நீளம், குளிர்காலத்தில் குட்டை. உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்து ராகுகாலம் பார்க்கிற நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. வழிகாட்டி யாரும் இதை எங்களுக்குச் சொல்லவில்லை. பஞ்சாங்கம் தெரிந்த பெற்றோர் யாராவது உங்களோடு இருந்தால் சீடர்கள் வருவதற்கு அரை மணி முன்பே போய் முன்வரிசையில் நின்று தட்டைப் பாருங்கள், மணி அடித்ததும் கூட்டம் கலைந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள். கோபுரத்தின் மேலே போக லிஃப்ட் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அம்மா மேலே வந்து சிவப்பு ஓட்டுக் கூரைகளையெல்லாம் பார்த்தார். இறங்கியதும் மண்டபத்துக்கு முன்னால் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருப்பதைக் கவனியுங்கள், 1621 ஜூனில் அங்கே கொல்லப்பட்ட 27 பேருக்காக.

கோட்டைக்கு 22-ஆம் எண் டிராமில் போய் ‘ப்ராஷ்ஸ்கி ஹ்ராட்’ நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சமதரை, ஒரு சின்னப் பாலத்தைக் கடந்தால் இரண்டாம் முற்றம். மாலா ஸ்ட்ரானாவிலிருந்து படிக்கட்டு ஏறி வருவதுதான் அழகு என்று சொல்வார்கள், முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு அது சரி. சீட்டு 450 கொருனா, 65-க்கு மேல் 300, இரண்டு நாள் செல்லும். மார்ச் முடியும்வரை நாலு மணிக்கே உள்ளிடங்களை மூடிவிடுகிறார்கள், ஆகவே காலையில் ஒன்பதுக்கே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேராலயத்தில் பூசை நடப்பதால் மத்தியானம்தான் பார்வையாளர்களை விடுவார்கள்.

புனித விட்டஸ் பேராலயத்தை 1344-ல் தொடங்கி 1929-ல்தான் முடித்தார்கள். மத்தியில் போர்களால் நூற்றாண்டுக்கணக்கில் பாதியில் நின்றிருக்கிறது. பீட்டர் பார்லர் என்ற இளம் கட்டடக் கலைஞர் வந்து பொறுப்பேற்றபோது அவருக்கு இருபது சொச்சம் வயதுதான், பாலமும் அவர் கைவேலையே என்று சொல்லப்படுகிறது. இடப்பக்கம் மூன்றாவது சன்னதியில் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த வண்ணக்கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, 1931-ல் வைத்தது. மார்ச் வெயில் சாய்வாக விழுவதால் மத்தியானத்துக்கு மேல் எதிர்ப்பக்க ஜன்னல்களின் நிறங்கள் தூண்களின் மேல் நீளமாகப் படிகின்றன, நீலமும் சிவப்பும். நாங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அது நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய அரண்மனையின் விளாதிஸ்லாவ் மண்டபம் 62 மீட்டர் நீளம், நடுவில் ஒரு தூண் இல்லை, குதிரைகளை உள்ளேயே ஏற்றி வீர விளையாட்டு நடத்தியிருக்கிறார்கள், அதற்காகவே அகலமான படிக்கட்டு. அதை ஒட்டிய அறையில்தான் 1618-ல் அரசரின் ஆட்கள் மூவரை ஜன்னல் வழியாக வெளியே வீசினார்கள். மூவருமே பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் அங்கே மூண்டது முப்பதாண்டுப் போராக ஐரோப்பாவையே எரித்தது. தங்கத் தெருவில் 22-ஆம் எண் குட்டி வீட்டில் எழுத்தாளர் காஃப்கா சில மாதங்கள் எழுதியிருக்கிறார். வாசல்கள் தாழ்வு, கூட்டம் அதிகம், பத்து நிமிஷம் போதும்.

ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். கோட்டையைச் சுற்றியுள்ள தோட்டங்கள் பலவும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மார்ச்சில் போனால் வெளியே கம்பிக்கதவு வழியாக எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். பூக்களைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் ஏப்ரல் நடுவில் வாருங்கள், பெட்ஷீன் குன்றின் பழத்தோட்டங்கள் அப்போதுதான் பூக்கும். மார்ச் கடைசியில் எங்கும் கண்ணில் பட்டது ஒரே ஒரு பூ, ரயிலிலிருந்து பார்த்த அதே மஞ்சள் புதர். ஃபோர்சித்தியா என்று பெயர், இலை வருவதற்கு முன்பே கொம்பு முழுக்கப் பூத்துவிடும். செக் மக்கள் அதைப் பேச்சுவழக்கில் பொன்மழை என்று பொருள்படும் பெயரில் அழைக்கிறார்கள். சித்திரையில் நம் சரக்கொன்றை பூப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மஞ்சள்தான்.

யோசெபோவ் என்ற பழைய யூதர் பகுதிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், சனிக்கிழமை மட்டும் வேண்டாம், மூடியிருக்கும். பெற்றோரை அங்கே கூட்டிப்போவதா என்று நான் தயங்கினேன், பயணத்தில் எதற்குத் துக்கம் என்று. ஆனால் அம்மாதான் அதிக நேரம் நின்றார். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் உள்சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, பெயர்கள். பொஹிமியா, மொராவியா பகுதிகளிலிருந்து நாஜிகள் கொன்ற ஏறக்குறைய 80,000 யூதர்களின் பெயர்களை 1950-களில் இரண்டு ஓவியர்கள் கையாலேயே எழுதினார்கள். 1968-க்குப் பிறகு கூடத்தை மூடிவிட்டார்கள், இருபது ஆண்டுகளுக்கு மேல் திறக்கவில்லை, எழுத்துகள் ஈரத்தில் அழிந்தன. 1990-களில் மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள். ஊர்ப் பெயர் பொன்னிறத்தில், குடும்பப் பெயர் சிவப்பில், அதன் பின் ஒவ்வொருவரின் பெயரும் தேதியும் கறுப்பில். தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் ஏதோ நுணுக்கமான நெசவு மாதிரி இருக்கிறது, கிட்டே போனால்தான் எழுத்து. அம்மா ஒரு குடும்பத்தின் பெயர்களை விரலால் காற்றில் எண்ணினார், ஒன்பது.

மாடியில் தெரெசீன் முகாமில் அடைக்கப்பட்ட குழந்தைகள் வரைந்த ஓவியங்கள். ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர் அங்கே ரகசியமாகப் பாடம் நடத்தியிருக்கிறார். 1944-ல் அவரை அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்புவதற்கு முன் சுமார் 4,500 ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்துவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. வீடு, பட்டாம்பூச்சி, சாப்பாட்டு மேசை, ரயில். பக்கத்திலேயே பழைய கல்லறைத் தோட்டம், 15-ஆம் நூற்றாண்டிலிருந்து 1787 வரை அந்தச் சிறிய இடத்தில்தான் புதைக்க அனுமதி, ஆகவே மண்ணைக் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். சுமார் 12,000 கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. மேலே மரங்களில் இலை இல்லாததால் வெயில் அடிவரை விழுந்தது, கல்லில் செதுக்கிய கைகளும் சிங்கங்களும் தெளிவாகத் தெரிந்தன. ஜூலையில் அங்கே ஒரே நிழல், எனக்கு எதுவும் தெரியவில்லை.

வெளியே வந்து ஆற்றங்கரைக்கு இரண்டு நிமிஷம் நடந்தால் யான் பலாக் சதுக்கம், சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம். 1348-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. இங்கே தமிழர்கள் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. 1927-ல் பிராகில் பிறந்த கமில் சுவலபில் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தார், தமிழும் கற்பித்தார். சங்க இலக்கியத்தையும் சித்தர்களையும் முருக வழிபாட்டையும் பற்றி உலகத்துக்கு எழுதியவர். 1968-ல் சோவியத் படைகள் நுழைந்த பிறகு நாட்டை விட்டுப் போய், பின்னர் நெதர்லாந்தின் உத்ரெக்டில் பணியாற்றி, 2009-ல் பிரான்சில் காலமானார். அவருக்குப் பின் யாரோஸ்லாவ் வாசெக் இங்கே தமிழைத் தொடர்ந்து கற்பித்தார். கட்டடச் சுவரில் மாணவர் யான் பலாக்கின் முகம் பதித்த வெண்கலத் தகடு இருக்கிறது, அதே படையெடுப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் தீக்குளித்தவர். சுவலபிலுக்கு அங்கே எதுவும் என் கண்ணில் படவில்லை. தமிழே வழங்காத இந்த ஊரில் ஒருவர் நம் அகப்பாடல்களைத் தமிழில் படித்து ரசித்தார் என்று நினைத்தபோது அந்தச் சதுக்கத்தில் குளிர்கூட உறைக்கவில்லை.

சாப்பாடு. முட்டை சாப்பிடாத சைவர்களுக்கு செக் உணவகங்களில் வழி மிகக் குறைவு. பூண்டும் மர்ஜோரமும் போட்டு வார்க்கும் உருளைக்கிழங்கு அடை மணமாக இருக்கும், ஆனால் மாவில் முட்டை. பொரித்த பாலாடைக்கட்டி, அதன் மேல்பூச்சிலும் முட்டை. சூப் என்றால் பெரும்பாலும் எலும்புச்சாறு. ஒரு உணவகத்தில் ‘சைவம்’ என்று எழுதிய சூப்பைக் கேட்டு வாங்கி, சந்தேகம் வந்து விசாரித்தால், பணியாளர் சாதாரணமாக ஆமாம் இறைச்சிச் சாறுதான், துண்டுகள் மட்டும் இல்லை என்றார். அம்மா நல்லவேளை வாயில் வைக்கவில்லை. ஆகவே காய்கறி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று கேளுங்கள். ஹரே கிருஷ்ணா அமைப்பினர் நடத்தும் கோவிந்தா என்ற உணவகத்தில் மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டோம், சோறும் பருப்பும் பார்த்ததும் அம்மா முகம் மலர்ந்தது. ராத்திரி வீட்டில் சமையல். செக் நாட்டில் வியட்நாம் மக்கள் நிறைய, தெருமுனைக் கடைகள் பலவற்றை அவர்கள்தான் நடத்துகிறார்கள், இரவு வெகுநேரம் திறந்திருக்கும், இஞ்சியும் பச்சை மிளகாயும் எனக்குக் கிடைத்தது அப்படி ஒரு கடையில். அந்தக் குளிரில் ரசம் வைத்துக் குடித்தோமே, அதற்காகவே சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள்.

தெருவெல்லாம் சர்க்கரை வாசனையோடு கம்பியில் சுற்றிச் சுடுகிற ட்ரெடெல்னிக்கைப் ‘பழைய பொஹிமிய இனிப்பு’ என்று விற்கிறார்கள். பிராகின் பழைய பண்டம் இல்லை அது, சமீபத்தில் சுற்றுலாவோடு வந்தது. ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா ஊர் அதற்குப் பேர்போனது. சூடாக இருந்தால் ருசிதான், சரித்திரம் என்று நினைத்து அதிக விலை கொடுக்க வேண்டாம்.

பணம் மாற்றும் கடை விஷயம் முக்கியம். கொருனாதான் நாணயம், ஒரு யூரோவுக்கு 24, 25 கிடைக்கும். கார்டு எல்லா இடத்திலும் செல்லும், ஆனால் கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும், பெரியவர்களோடு போனால் அது அடிக்கடி வேண்டும். அதற்காக சுற்றுலாத் தெருவில் ஒரு கடையில் ‘கமிஷன் இல்லை’ என்ற பலகையைப் பார்த்து 100 யூரோ கொடுத்தேன், கைக்கு வந்தது 1,900 கொருனா. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் 2019 ஏப்ரலிலிருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது, 1,000 யூரோ வரையிலான தொகையை மாற்றி மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பிப் போனால் பரிமாற்றத்தை ரத்து செய்ய அவர்கள் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். நான் அப்படியே நின்று கேட்டேன், முகத்தைச் சுளித்தார்கள், ஆனால் முழு 100 யூரோவும் திரும்ப வந்தது. ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

காலணி பற்றியும் ஒரு வார்த்தை. நடைபாதை முழுக்கச் சின்னச் சதுரக் கற்கள், மழை பெய்தால் வழுக்கும். அம்மா புடவைக்குக் கீழே கம்பளிக் கால்சட்டையும் நல்ல ரப்பர் அடி ஷூவும் போட்டுக்கொண்டார், ஒரு இடத்திலும் சறுக்கவில்லை.

நாங்கள் போனபோது சதுக்கங்களில் ஈஸ்டர் சந்தை தொடங்கியிருந்தது. ஈஸ்டர் தேதி வருஷா வருஷம் மாறும், வசந்தகாலப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு, ஆகவே பல வருஷங்களில் நம் பங்குனி உத்திரத்தை ஒட்டியே வரும். உங்கள் தேதியில் சந்தை இருக்குமா என்று நாள்காட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள். கையால் கோலம் மாதிரி வரைந்த முட்டை ஓடுகள், ரிப்பன் கட்டிய கிளைகள், வில்லோக் குச்சிகளைப் பின்னிச் செய்த சாட்டை. ஈஸ்டர் திங்கட்கிழமை பையன்கள் அந்தச் சாட்டையால் பெண்களை லேசாகத் தட்டி வண்ண முட்டை வாங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். பழைய நகரச் சதுக்கத்தைவிட நாமியெஸ்டி மீரு சந்தை சின்னது, உள்ளூர்க்காரர்கள் வருவது, விலையும் குறைவு, எனக்கு அதுதான் பிடித்தது.

கடைசி நாள் மத்தியானம் லெட்னா மேட்டுக்குப் போனோம். டிராமிலேயே மேலே போய்விடலாம், பிறகு சமமான பூங்காப் பாதை. ஜூலையிலும் நான் அங்கே போயிருக்கிறேன், இலைகளுக்கு நடுவே ஆறு விட்டு விட்டுத்தான் தெரிந்தது. இப்போது மொட்டைக் கிளைகளுக்கு ஊடே வல்டாவா ஆறு முழுசாகத் தெரிந்தது, ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்கள், இரண்டு நாள் முன் விடியலில் நாங்கள் நடந்த பாலம் எது என்று அம்மாவே காட்டினார். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு குதிரைச் செஸ்நட் மரம், தாழ்ந்த கிளையில் விரல் நுனி அளவுக்குப் பழுப்பு மொட்டுகள் பளபளவென்று. அம்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரல்களைச் சேர்த்துப் பிரித்தார். “பலாப் பிசின் மாதிரி ஒட்டுகிறதே” என்றார், கைக்குட்டையால் துடைத்தும் போகவில்லை, வீட்டுக்கு வந்து எண்ணெய் தடவித்தான் எடுத்தோம்.